மீனை நான் எறியவில்லை

இதை எழுதுவோமா விடுவோமா என்று யோசித்து யோசித்தே பல வருடங்கள் போய்விட்டன. தாளை எடுப்பேன். பிள்ளையார் சுழி போடுவேன். முருகா என்று ஒரு வரி எழுதுவேன். அதற்குமேல் வெட்கம் வந்து கையைப் பிடித்துக்கொள்ளும். நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது, நானும் அதைக் கைவிட்டேன். பிழை பிடித்துச் சிரிப்பார்களே என்ற பயம் வேறு.

ஆனால் நான் எழுதாமல் இருந்த காலத்தில் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சான் சொல்லும் கதையில், நான் உணவகத்து மேசைமேல் ஏறி நின்று ஒரு முழு மீனைத் தூக்கிச் சம்பந்தியம்மாவின் முகத்தில் எறிந்திருக்கிறேன். பாரிஸில் தங்கச்சி வீட்டுக்காரர் சொல்லும் கதையில் பொலிஸ் வந்திருக்கிறது. லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தபோது மீனுக்கு உயிரே வந்துவிட்டதாம். போன வருடம் ஒரு பூப்புனித நீராட்டு விழாவில் முன்பின் தெரியாத ஒருவர் என் கையைக் குலுக்கி, "நீங்களோ அந்த மீன் அண்ணை?" என்று கேட்டார். அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன்.

ஆகவே முருகன் சாட்சியாக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மீனை நான் எறியவில்லை. மீன்தான் என்மேல் விழுந்தது.

அப்போது நாங்கள் மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்த மூன்றாம் மாடி அப்பார்ட்மெண்டை விட்டு, பியர்பொன்ட்ஸில் சின்னதாக ஒரு வீடு வாங்கி வந்து அதிக காலம் ஆகவில்லை. குடிபுகுந்த அன்று முறைப்படி வாசலில் நீற்றுப்பூசணிக்காய் வெட்டினேன். உள்ளே குங்குமத்தைக் கொட்டிப் பிசைந்து, இரண்டு பாதியையும் படியின் இரண்டு பக்கமும் வைத்தேன். பக்கத்து வீட்டு மதாம் யன்னலால் பார்த்துவிட்டு "மோன் தியூ!" (கடவுளே!) என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். கொலை என்று நினைத்துவிட்டார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் நின்று விளக்கினேன். "இது உயிர் இல்லை மதாம், உயிருக்குப் பதில். ரத்தம் இல்லை, ரத்தத்துக்குப் பதில்." (விளங்கியதோ என்னவோ, அந்த வருடம் ஹலோவீனுக்குத் தன் வாசலில் பூசணிக்காய் வைத்தபோது, நமக்குள் ஓர் இரகசியம் இருப்பதுபோல என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.)

நான் கடவுளை நம்பி இந்த நாட்டுக்கு வந்தவன். வருகிற வழியில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு விமான நிலையத்தில் அடைபட்டுக் கிடந்தபோது, "முருகா, மனிசி பிள்ளையோடு என்னைக் கனடாவில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு, சாகும்வரை மச்சம் மாமிசம் தொடமாட்டேன்" என்று நேர்த்தி வைத்தேன். முருகன் சேர்த்தான். முதல் பனிக்காலத்திலேயே நான் அவனோடு மறுபடி பேசவேண்டியதாயிற்று. வெள்ளிக்கிழமை, கந்தசஷ்டி, புரட்டாதிச் சனி என்று இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். (முருகன் மறுப்புச் சொல்லவில்லை. மொன்றியல் குளிரை அவனும் பார்த்தான்தானே.) ஆனால் அந்த நாட்களில் நான் படுசுத்தம். புரட்டாதிச் சனி என்றால் எள்ளெண்ணெய் எரித்து, காகத்துக்குச் சோறு வைத்த பிறகுதான் வாயில் தண்ணீர் படும். பியர்பொன்ட்ஸ் காகம் எங்கள் சோற்றைத் திரும்பியும் பார்க்காது. அணில்தான் வந்து தின்னும். காகத்துக்குப் பதில் அணில் என்று சனீஸ்வரனும் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்றே நம்பினோம்.

எங்களுக்கு ஒரே ஒரு பிள்ளை, யாழினி. படித்து முடித்து ஓர் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஒருநாள் வந்து எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

"அப்பா, ஒரு விசயம் கதைக்கோணும். கோவிக்கக் கூடாது."

(கோவிக்கக் கூடாது என்று தொடங்கும் விசயங்களுக்கு நான் முதலே கோபித்துவிடுவது வழக்கம். நேரம் மிச்சம்.)

"ஆர் பெடியன்? எந்த ஊர்?"

"பேர் மிங். தாய்வான்."

தாய்வான் என்றால் எனக்குத் தெரிந்தது குடையும் சுவர் மணிக்கூடும்தான். இரண்டும் எங்கள் வீட்டில் பழுதாகிக் கிடந்தன. அதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"நீங்கள் வேண்டாமெண்டால் நான் கட்டமாட்டன் அப்பா. ஆனா வேற ஒருத்தரையும் கட்டவும் மாட்டன். ஒருக்கா வந்து அவையளோடை இருந்து சாப்பிடுங்கோ. சாப்பிட்டு முடியச் சொல்லுங்கோ, ஓமோ இல்லையோ எண்டு. அதுக்குப் பிறகு நான் வாயே திறக்கமாட்டன்."

அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். மெல்லச் சொன்னதால் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என் பிள்ளையின் வாழ்க்கை இப்போது ஒரு சாப்பாட்டின் முடிவில் வந்து நின்றது. சரி, சாப்பாட்டில் வைத்தே ஆட்களைப் பிடிக்கிறேன் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

"புரட்டாதிச் சனி மத்தியானம் வாறம் எண்டு சொல்லு. மரக்கறிதான். மச்சம் பட்ட சட்டியும் கூடாது."

மனைவி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, வேணுமெண்டே அந்த நாளைப் பிடிக்கிறியள் என்ன?"

"நாள் தானா வந்தது. நான் பிடிக்கேல்லை." (பிடித்தேன்.)

உணவகம் நகரத்துக்குள் இருந்தது. மிங்கின் தாய்மாமன்தான் முதலாளி, சமையலும் அவர்தான். அன்று மத்தியானம் எங்களுக்காகத் தனியாகச் சமைப்பதாகச் சொல்லியிருந்தார். "தாய்வான் சாப்பாடு, ஆனா புது மாதிரி" என்று யாழினி காரில் வரும்போதே எச்சரித்திருந்தாள்.

புது மாதிரி என்றால் என்ன என்று உள்ளே போனதும் விளங்கியது. சுவருக்குப் பூச்சு இல்லை, வெறும் சீமெந்து. காசு முடிந்து இடையில் விட்டுவிட்டார்களாக்கும் என்று பரிதாபப்பட்டேன். விளக்குகள் நெற்றியில் முட்டுகிற உயரத்தில் தொங்கின. மத்தியான வெயிலிலும் உள்ளே பொழுதுபட்ட மாதிரி இருட்டு. கதிரைக்கு முதுகு இல்லை. முதுகில்லாத கதிரையில் பெண் கொடுக்கிறவன் எப்படிச் சாய்ந்து இருந்து விசாரிப்பது?

மிங் எழுந்து நின்று கை கூப்பினான். நல்ல உயரம். அவனோடு தாய். சின்ன உருவம், ஒட்ட வெட்டிய நரைத்த தலைமயிர், கையில் மரமணிகள் கோத்த ஒரு வளையம். நாகரிகம் என்று நினைத்தேன். தகப்பன் முன்னரே காலமாகிவிட்டார் என்று யாழினி சொல்லியிருந்தாள்.

வெறுங்கையோடு போகக் கூடாது என்று மனைவி விடியவே எழும்பிப் பருப்பு வடை சுட்டிருந்தாள். வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் போட்டு, காரே மணத்தது. காலையில் இருந்து வெறும் வயிற்றோடு இருந்த நான் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பியர்பொன்ட்ஸில் இருந்து வந்ததே பெரிய தவம். தாய் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினார். திறந்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். சிரித்தார். மூடி, பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டார்.

ஒன்றையாவது எடுத்து வாயில் வைக்கவில்லை! எங்கள் வீட்டு வடையை மோந்து பார்த்து மூடி வைக்கிற வீட்டிலா என் பிள்ளை வாழப்போகிறாள்? மனதுக்குள் முதல் குற்றம் பதிவாகியது.

அடுத்ததாக நீளமான கண்ணாடிக் குவளைகளில் பால் தேத்தண்ணி வந்தது. அடியில் கறுப்புக் கறுப்பாக உருண்டைகள். குழாய் என் பெருவிரல் மொத்தம்.

"இது சவ்வரிசி மாதிரி, அப்பா. குடியுங்கோ" என்றாள் யாழினி.

ஒரு இழுவை இழுத்தேன். ஓர் உருண்டை துவக்குக் குண்டு மாதிரி வந்து அண்ணாக்கில் அடித்தது. இருமி முடிய, "பாயசம் முதலே வருகுது" என்று மனைவியின் காதில் சொன்னேன். "பாயசத்தோடை துவங்குற சாப்பாடு எங்கை போய் முடியும்?"

"சத்தம் போடாமல் இருங்கோ. அந்த மனிசி பாக்குது." அவள் உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டது. என் குவளையை முழங்கைப் பக்கமாகத் தள்ளி வைத்தேன். இந்தக் குவளையை வாசகர்கள் மறக்க வேண்டாம்.

பிறகு சாப்பாடு வரத் தொடங்கியது. வாழையிலை என்றால் எல்லாம் ஒன்றாக வந்து இருக்கும், எதிரி எத்தனை பேர் என்று பார்த்தவுடனே தெரியும். இங்கே சின்னச் சின்னத் தட்டில் ஒவ்வொன்றாக வந்தது. தாமரைக்கிழங்கு வந்தது. கத்தரிக்காய் வந்தது. குறை சொல்லமுடியாது. அரைவட்டமாக மடித்த வெள்ளை அப்பம் மாதிரி ஒன்று வந்தது. நிலக்கடலைத் தூள் போட்டு, உள்ளே மண்ணிறமாக ஒரு துண்டு. துண்டில் கொழுப்புக் கோடு ஓடியது. நான் அதை மெல்ல மூடினேன்.

"யாழினி, இது என்ன?"

"எல்லாம் மரக்கறிதான் அப்பா. நான் சொல்லிப்போட்டன், அவையளும் சொன்னவை. பயப்பிடாமல் சாப்பிடுங்கோ."

இங்கே என் பக்கத்து நியாயத்தைச் சொல்லியாகவேண்டும். எங்கள் தொழிற்சாலையில் ஒரு நத்தார் விருந்துக்கு, நான் மரக்கறி என்று முதலே சொல்லியிருந்தேன். மேற்பார்வையாளர் பெருமையோடு எனக்கென்று தனித்தட்டுக் கொண்டுவந்தார். தட்டில் மீன். "மீன் இறைச்சி இல்லைத்தானே, மெஸ்யூ?" என்று கேட்டார், நல்ல மனிதர். அன்றிலிருந்து இந்த ஊரில் மரக்கறி என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. என் இடத்தில் இருந்தால் நீங்களும் நம்பமாட்டீர்கள்.

அப்போதுதான் அது வந்தது.

நீண்ட தட்டு. நடுவில் முழு மீன். தலை, வால், செட்டை, கறுப்புத் தோல், மேலே இஞ்சியும் மிளகாயும் தூவி, பழுப்புக் குழம்பில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. நான் யாழ்ப்பாணத்தான். மீனைத் தூரத்தில் கண்டாலே இது விளை, இது பாரை, இது கொடுவா என்று சொல்லுவேன். இது கொடுவாவின் சாயல். எல்லாவற்றுக்கும் மேலாக அதற்குக் கண் இருந்தது. கறுத்த, உருண்டை, ஈரக் கண். அந்தக் கண் என்னையே பார்த்தது. 'நேர்த்தி வைத்தவன் நீதானே?' என்று கேட்பதுபோலப் பார்த்தது.

புரட்டாதிச் சனி. வெறும் வயிறு. நெற்றி நிறைய விபூதி. எனக்கு முன்னால் மீன்.

மடியில் கிடந்த துணியை எடுத்து மீனின் முகத்தை மூடினேன். பிரேதத்தை மூடுவதுபோலத்தான் மூடினேன், ஒத்துக்கொள்கிறேன். பரிமாறிக்கொண்டு நின்ற பிள்ளை குனிந்து, "சா வா, மெஸ்யூ?" என்று கேட்டாள். சுகமா என்று!

நான் எழுந்தேன். தர்மத்தை விளக்கவேண்டும். ஆனால் எனக்குத் தெரிந்தது தொழிற்சாலைப் பிரெஞ்சு. பெட்டியைத் தூக்கு, மெசினை நிறுத்து, நாளைக்கு வரமாட்டேன், இப்படியானவற்றுக்குத்தான் அது காணும். இருந்ததை வைத்துக்கொண்டு முழங்கினேன். மூன்று மேசைக்கு அப்பால் இருந்தவர்களும் கேட்டார்கள்.

"மதாம்! இன்றைக்குச் சனி! மீனை நிறுத்து! நான் நாளைக்கும் வரமாட்டேன்!"

"அப்பா!" என்றாள் யாழினி. முகம் வெளுத்துவிட்டது.

"எழும்பும்" என்றேன் மனைவியிடம். "போவம்."

"நான் எழும்பேல்லை" என்றாள் அவள். வாயில் அந்த வெள்ளை அப்பம்.

சரி, தனியாகவாவது போகிறேன் என்று சால்வையை உதறித் தோளில் போட்டேன். அங்கேதான் விதி. சால்வை குவளையைத் தட்டியது. குவளை கவிழ்ந்தது. பால் தேத்தண்ணி ஒரு பக்கம் ஓட, அந்தக் கறுத்த சவ்வரிசிகள் சீமெந்துத் தரையில் உருண்டு பரவின. மழைத் தண்ணீரிலும் சேற்றிலும் நடந்த கால் இது, மொன்றியல் ஐஸில் விழாத கால். சவ்வரிசியில் வைத்தவுடன் போய்விட்டது. விழுகிறவன் கிடைத்ததைப் பிடிப்பான். முதுகு இருந்தால் கதிரையைப் பிடித்திருப்பேன். (ஆகையால் பிழை கதிரையில்தான்.) எனக்குக் கிடைத்தது நீண்ட தட்டின் ஓரம்.

நான் நிலத்தில். தட்டு என் நெஞ்சில். மீன் மடியில், குழந்தைப்பிள்ளை மாதிரி, முகத்துக்குத் துணி போர்த்தபடி.

எறிந்தது எங்கே? யோசித்துப் பாருங்கள். எறிந்தவன் மடியில் எறிந்த பொருள் இருக்குமா?

உணவகம் முழுவதும் எழுந்து நின்றது. "முருகா, முருகா, மச்சம் பட்டுப்போச்சு" என்று நான் கத்தினேன். விழுந்ததில் மீன் நடுவால் பிளந்திருந்தது. மனைவி மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். மனைவிகளுக்கு என்று ஒரு குரல் இருக்கிறதல்லவா, அந்தக் குரலில் கேட்டாள்:

"முள்ளைக் காட்டுங்கோ பாப்பம்."

குனிந்து பார்த்தேன். முள் இல்லை. நடுமுள் இல்லை, பக்கமுள் இல்லை, எலும்பு இல்லை. உள்ளே வெள்ளையாக, அடுக்கடுக்காக, சோயாவில் செய்த ஏதோ ஒன்று. தோல் என்று நான் நினைத்தது கடற்பாசித் தாள். தலை அவித்த கிழங்கு. யாழ்ப்பாணத்து மீனெல்லாம் தெரிந்த நான், முள்ளில்லாத மீனுக்கு முன்னால் தர்மப் பிரசங்கம் செய்திருக்கிறேன்.

உடனே தோற்றுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நிலத்தில் இருந்தபடியே கேட்டேன். "மீன் தின்னாத ஆக்கள் பிறகேன் மீன் மாதிரிச் செய்யினம்? இது என்ன விளையாட்டு?"

யாழினியும் மிங்கும் வாய் திறக்கும் முன் மனைவி பதில் சொன்னாள். "இஞ்சாருங்கோ. வீட்டு வாசலிலை நீத்துப்பூசணிக்காயை வெட்டிக் குங்குமத்தைக் கொட்டினியள். பக்கத்து வீட்டு மனிசி கொலையெண்டு கத்தினவ. அவவுக்கு என்ன சொன்னனீங்கள்?"

நான் மீனின் முகத்துத் துணியைச் சரிசெய்தேன்.

"சொல்லுங்கோவன். உயிரில்லை, உயிருக்குப் பதில் எண்டுதானே சொன்னனீங்கள்? காகத்துக்குப் பதில் அணில். அப்ப இது மட்டும் என்ன? மீனுக்குப் பதில்."

முருகன் சாட்சியாகச் சொல்கிறேன், எங்கள் கோயிலில் பேசுகிற எந்தப் பேச்சாளரும் என்னை இப்படி மடக்கியதில்லை. இவள் வாயில் அப்பத்தோடு மடக்கினாள்.

அதற்குள் மிங்கின் தாய் வந்து எனக்குப் பக்கத்தில், அந்தச் சவ்வரிசிக்கு நடுவில், நிலத்திலேயே முழங்காலிட்டு இருந்துவிட்டார். கோபம் இல்லை. என் சேட்டில் ஒட்டியிருந்த உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டே ஏதோ சொன்னார். மிங் அதைப் பிரெஞ்சில் சொல்ல, யாழினி எனக்குத் தமிழில் சொன்னாள்.

"அவ சொல்லுறா, பிழை தன்னிலையாம். முதலே சமையலறைக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டியிருக்கவேணுமாம். தான் மச்சம் விட்டுக் கனகாலமாம். மிங்கின்ரை அப்பாவுக்கு வருத்தம் வந்தநேரம் நேர்ந்தவவாம்."

அந்த மரமணி வளையத்தை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். தேய்ந்து மினுங்கியது. நாகரிகத்துக்குப் போட்ட வளையம் அப்படித் தேயாது. அது செபமாலை.

"தகப்பன்... தப்பேல்லைத்தானே?" என்று கேட்டேன்.

"இல்லை அப்பா. அந்த வருசமே செத்துப்போனார்."

"அப்ப பிறகேன் இன்னும் விரதம் பிடிக்கிறா?"

கேட்டிருக்கக் கூடாது. யாழினிக்கும் கேட்க விருப்பம் இல்லை, ஆனாலும் கேட்டாள். தாய் உருண்டை பொறுக்குவதை நிறுத்தாமல் பதில் சொன்னார்.

"கடவுள் தன்ரை பக்கத்தைச் செய்யேல்லை எண்டதுக்காக நான் என்ரை பக்கத்தை விடேலுமோ எண்டு கேக்கிறா."

முருகன் தன் பக்கத்தை முழுதாகச் செய்து முடித்த ஆள் நான். மனைவி, பிள்ளை, வீடு எல்லாம் தந்தான். நான் அவனிடம் வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை என்று பேரம் பேசிக்கொண்டு இருக்கிறேன். கேட்டது கிடைக்காத இந்தப் பெண், கொடுத்த சொல்லை முழுதாக வைத்திருக்கிறார். மடியில் அந்த மீனை வைத்துக்கொண்டு இதை யோசிப்பது எவ்வளவு கடினம் என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

"அப்ப எங்கடை வடையை ஏன் தொடேல்லை?" என்றேன். குரல் கொஞ்சம் இறங்கித்தான் வந்தது.

இந்த முறை மிங் நேராகவே என்னைப் பார்த்துச் சொன்னான், எனக்கு விளங்குகிற மெதுவான பிரெஞ்சில். அம்மா வெங்காயமும் வெள்ளைப்பூடும் தொடுவதில்லை. அதுவும் நேர்த்தியில் சேர்த்தி. வடை நல்ல வாசமாக இருந்தது, ஆனால் வெங்காயம் மணத்தது. திருப்பிக் கொடுத்தால் உங்கள் மனம் நோகும் என்று பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மச்சம் பட்ட சட்டியும் கூடாது என்று நான் கட்டளை போட்ட இடத்தில், நாங்கள் கொண்டுபோன விரத வடையே அவருக்குத் தீட்டு! மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

சமையலறையில் இருந்து தாய்மாமன் ஓடி வந்தார். மொத்தமான மனிதர், கையில் துவாய். தன்னுடைய மீன் இருக்கும் இடத்தைப் பார்த்தார். விசயத்தை அவருக்குச் சொன்னார்கள். இப்போதும் நான் விடவில்லை. எனக்கு ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருந்தது, அதை அந்த மனிதரிடம் பிரெஞ்சில் கேட்டேன்.

"சரி, தோல் வைத்தீர்கள். வால் வைத்தீர்கள். கண்ணை ஏன் வைத்தீர்கள்?"

அவர் கடுமையாக யோசித்தார். நான் பகிடிக்குக் கேட்கவில்லை என்று அவருக்கு விளங்கியது. "அடுத்த முறை கண்ணை மூடி வைக்கிறேன், மெஸ்யூ" என்றார்.

அடுத்த முறை! அந்தச் சொல்லுக்கு எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அடுத்த முறை இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்லத்தானே நான் அங்கே கூட்டிவரப்பட்டேன். சாப்பாடு முடிந்துவிட்டது, பாதி வயிற்றிலும் பாதி என் சேட்டிலுமாக. யாழினி இரண்டு கையையும் பிசைந்துகொண்டு நின்றாள். வாயே திறக்கவில்லை, சொன்ன சொல் தவறவில்லை. இந்தப் பிள்ளையும் சொல்லை வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

நான் ஓம் என்று சொல்லவில்லை. இதையும் மச்சான் மாற்றித்தான் சொல்கிறார், நான் அழுது ஓம் சொன்னேனாம். நான் சொன்னது இதுதான்:

"அடுத்த சனி இவையளை வீட்டை வரச்சொல்லு. உந்த வடையை நான் திருப்பிக் கொண்டுபோகமாட்டன், பெடியன் தின்னட்டும். மனிசிக்கு வெங்காயம் போடாமல் வேறை சுடுவம்."

யாழினி கிட்ட வந்தாள். "அப்பா, அது ஓமோ?"

"வடையெண்டால் வடை. கூடக் குறையக் கேக்காதை. முதல் என்னைத் தூக்கிவிடுங்கோ, இடுப்புப் பிடிச்சுப்போச்சு."

மிங் ஒரு கையையும் மிங்கின் தாய் மறு கையையும் பிடித்துத் தூக்கினார்கள். அந்தச் சின்ன உருவத்துக்கு இவ்வளவு பலமா என்று வியந்தேன். யாழினி அழுதாள், சிரித்தாள். மனைவி, என் மடியில் இருந்து விழுந்த மீனில், தட்டோடு ஒட்டிக்கிடந்த சுத்தமான துண்டு ஒன்றை எடுத்து என் வாயில் வைத்தாள். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. (முள் எடுக்கிற வேலை இல்லாத மீன் சொர்க்கத்தில்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.)

அடுத்த சனிக்கிழமை வந்தார்கள். வெங்காயம் போடாத வடையை மிங்கின் தாய் எண்ணாமல் சாப்பிட்டார். கலியாணம் எங்கள் முருகன் கோயிலில் நடந்தது. தாலி கட்டி முடிய, வாசலில் நீற்றுப்பூசணிக்காய் வெட்டியபோது சம்பந்தியம்மா கிட்ட வந்து குங்குமத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து நான் முழுச் சைவமாகிவிட்டேன் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். வெள்ளி, சனியோடு செவ்வாயையும் சேர்த்திருக்கிறேன். திங்களைப் பற்றி முருகனோடு பேச்சு நடக்கிறது. சம்பந்தியம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் ஒரு நாளைக் கூட்டலாமோ என்று தோன்றும். அவர் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எதிர்த்து நின்றிருப்பேன். கேட்காத ஆளை என்ன செய்வது?

எங்கள் வீட்டில் யார் எதை நிச்சயமாகச் சொன்னாலும், கனடா அரசியலோ கந்தபுராணமோ, எதிரே இருப்பவர் "முள்ளைக் காட்டுங்கோ பாப்பம்" என்பார். அதோடு வழக்கு முடிந்தது. தமிழும் பிரெஞ்சும் கலந்து கதைக்கிற என் பேத்தி, தட்டு ஏதும் மேசைக்கு வந்தால், "அம்மப்பா, அத்தான்சியோன், கவனம்! மீன் வருகுது!" என்று என் சால்வையை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். அவள் பிறக்க முன்பே நடந்த விசயம், ஆனால் நேரில் பார்த்தவள் மாதிரிச் சொல்லுவாள்.

தாய்மாமன் சொன்ன சொல் தவறவில்லை. ஒவ்வொரு வருடமும் புரட்டாதிச் சனி மத்தியானம் எங்கள் வீட்டுக்கு ஒரு நீண்ட தட்டு வரும். அதே தோல், அதே வால். கண் இருக்கும் இடத்தில் கடற்பாசியில் வளைவாக ஒரு சின்னக் கோடு. மீன் கண்ணை இமைப்பதில்லை, அதனால்தான் அம்பாளுக்கே மீனாட்சி என்று பெயர். அப்படிப்பட்ட மீன், இந்த மொன்றியலில் எனக்காக மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வருகிறது. அணிலுக்கு அதில் ஒரு துண்டு வைத்துவிட்டுத்தான் நாங்கள் சாப்பிடுவோம்.

வாசித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் கதையை உங்கள் வீட்டில், கோயிலில், கலியாண வீட்டில் தாராளமாகச் சொல்லுங்கள். ரொறன்ரோவுக்கு ரெலிபோன் எடுத்தும் சொல்லுங்கள். ஆனால் எழுதியபடியே சொல்லுங்கள். பொலிசைக் கூப்பிடாதீர்கள், மீனுக்கு உயிர் கொடுக்காதீர்கள், என்னை மேசையில் ஏற்றாதீர்கள். நான் விழுந்ததை வேண்டுமானால் இரண்டு தரம் சொல்லுங்கள். சம்பந்தியம்மா சவ்வரிசிக்கு நடுவில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்ததை மட்டும் விட்டுவிடாதீர்கள். மீனை நான் எறியவில்லை.